கிளையன்ட் லைப்ரரி எரரே காட்டாமல் காலி மதிப்பு தருகிறது, அவசரம்

புதுநிரல்: ஒரு ஏபிஐக்கு (வேறொரு சர்வரின் சேவையை நிரலிலிருந்து கூப்பிடும் வழி) கிளையன்ட் லைப்ரரி எழுதியிருக்கிறேன். பயன்படுத்துபவர்களில் சிலருக்கு மட்டும் அவ்வப்போது காலி மதிப்பு வருகிறது. எரர் இல்லை, லாகிலும் ஒன்றும் இல்லை. என் மெஷினில் ஒழுங்காக ஓடுகிறது. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

சர்வர்காவல்: எந்த மொழி? எந்த ஹெச்டிடிபி லைப்ரரி? எரரைப் பிடிக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

பைட்டுப்பிரியை: டைம்அவுட்தான், சந்தேகமே இல்லை. பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் என்ற ஹெச்டிடிபி லைப்ரரி என்றால் நாமாகக் கொடுக்காதவரை டைம்அவுட்டே (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) கிடையாது.

சர்வர்காவல்: அப்படியென்றால் தொங்கிக்கொண்டு நிற்கும். இவருக்கு ஏதோ திரும்பி வருகிறதே.

புதுநிரல்: பைத்தான், ரெக்வெஸ்ட்ஸ்தான். கடைசியில் ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்: ரிட்டர்ன் நன்’, அதாவது எந்த எரர் வந்தாலும் பிடித்துக் காலி மதிப்பைத் திருப்பும். லைப்ரரி கிராஷ் ஆகக் கூடாது இல்லையா?

மூத்தநிரலர்: இதெல்லாம் அடிப்படைப் பாடம் தம்பி. டாகுமென்டேஷனைப் படித்துவிட்டு லைப்ரரி எழுத வாருங்கள்.

சர்வர்காவல்: எதைப் படிப்பது என்றும் சொல்லுங்கள் ஐயா. புதுநிரல், அந்த வரிதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது. 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற ஸ்டேட்டஸ் கோடு) வந்தாலும் ரெக்வெஸ்ட்ஸ் தானாக எக்ஸெப்ஷன் எழுப்பாது. இடையில் உள்ள ப்ராக்ஸி அனுப்பிய ஹெச்டிஎம்எல் பக்கத்தை ஜேசன் (ஏபிஐகள் தரவு அனுப்பும் வடிவம்) என்று பிரிக்கப்போய் உடைந்திருக்கலாம். முதலில் ரெய்ஸ்_ஃபார்_ஸ்டேட்டஸ் போடுங்கள், எரர் கோடு வந்தால் அது எக்ஸெப்ஷன் எழுப்பும். அப்புறம் உங்களுக்கென்று ஒரு எக்ஸெப்ஷன் வகை வைத்து ‘ரெய்ஸ் ஏபிஐஎரர் ஃப்ரம் ஈ’ என்று எழுப்புங்கள். மூலக் காரணமும் ட்ரேஸ்பேக்கில் கூடவே வரும். என்ன செய்வது என்று உங்கள் லைப்ரரியைக் கூப்பிட்டவர் முடிவு செய்யட்டும். எரர் செய்தியில் ஸ்டேட்டஸ் கோடு இருக்கட்டும், டோக்கன் (அனுமதிச் சாவி) இருக்கும் ஆத்தரைசேஷன் ஹெடர் வேண்டவே வேண்டாம். லாக் வழியாக டோக்கன் கசிந்துவிடும்.

பைட்டுப்பிரியை: கூப்பிட்டவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? லைப்ரரியே மூன்று முறை ரீட்ரை செய்தால் போதுமே.

வரிசைஎண்: சர்வரில் புதிதாக ஒன்றைப் பதிவு செய்யப் பயன்படும் போஸ்ட் ரெக்வெஸ்டுக்கு அது ஆபத்து. டைம்அவுட் ஆகிவிட்டது என்பதற்காக சர்வருக்குப் போய்ச் சேரவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிவிடும்.

பைட்டுப்பிரியை: ஐடெம்பொடன்சி கீ (மறுபடி வந்தது அதே ரெக்வெஸ்ட்தான் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளம்) சேர்த்து அனுப்பினால் இரண்டு முறை பதிவாகாது.

வரிசைஎண்: சர்வர் அதை ஆதரித்தால்தான். 429 (ரெக்வெஸ்ட்கள் அளவுக்கு மீறிவிட்டன என்ற கோடு) வந்தால் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் சொன்ன நேரம் வரை பொறுக்கவும் வேண்டும்.

மூத்தநிரலர்: எக்ஸெப்ஷனே எதற்கு? கோ மொழி மாதிரி எரரை மதிப்பாகத் திருப்புவதுதான் சரி.

சர்வர்காவல்: பைத்தானில் எழுதுபவர் எக்ஸெப்ஷனைத்தான் எதிர்பார்ப்பார். திருப்பிய மதிப்பைப் பார்க்காமல் விட்டால் பழைய கதைதான்.

புதுநிரல்: 502தான். சர்வர் ஆட்களிடம் சொல்லியாயிற்று. நன்றி.

வரிசைஎண்: ரீட்ரை வைக்கிறீர்களா, இல்லையா?