ஹேக்கத்தானில் நேர்மை: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

நடுவராகப் போன ஓர் இடத்தில் நடந்தது. 24 மணி நேரத்துக்குள் புதிதாக ஒரு செயலியை எழுதிக் காட்டும் ஹேக்கத்தான் போட்டி. ஓர் அணியின் செயலி லாகின், டாஷ்போர்டு, சார்ட் என்று எல்லாம் கச்சிதமாக இருந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றைத் திறந்தேன். போட்டி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மொத்த நிரலும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில் வந்து விழுந்திருக்கிறது. அதன் பிறகு பட்டன் நிறம் மாற்றியதும் தலைப்பு மாற்றியதும்தான். "இந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழைய ப்ராஜெக்ட் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். போட்டியிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கமிட் தேதியை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, கிட்டில் அதை மாற்றி எழுத வழி இருக்கிறது. அதனால் நிரல் சர்வருக்குப் புஷ் ஆன (ஏற்றப்பட்ட) நேரத்தையும் பார்ப்போம், நிரலைப் பற்றிக் கேள்வியும் கேட்போம்.

பதில்:
நீங்கள் செய்தது சரி. ஆனால் வெளியிலிருந்து நிரல் எடுத்தாலே தப்பு என்று புதிதாக வருகிறவர்கள் பயந்துவிட வேண்டாம். மாணவர் ஹேக்கத்தான்களுக்குத் துணைநிற்கும் மேஜர் லீக் ஹேக்கிங் அமைப்பின் விதிகளைப் படித்துப் பாருங்கள். யோசனை முன்பே இருக்கலாம். லைப்ரரி, ஃப்ரேம்வொர்க் போன்ற தயார் நிரல்களையும், ஓப்பன் சோர்ஸ் (யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட) நிரலையும் எடுக்கலாம். போட்டியில் எடுத்துக்கொள்வதற்காகவே முன்கூட்டி எழுதி, ஓப்பன் சோர்ஸ் என்று வெளியிட்டு வைப்பதுதான் ஆகாது.

நான் கலந்துகொண்ட ஒன்றில் பக்கத்து மேசை அணியின் ரீட்மீ (நிரலோடு வரும் விளக்கக் கோப்பு) இன்னும் நினைவில் இருக்கிறது. லாகின் பகுதி எம்.ஐ.டி. என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் எடுத்தது, வரைபடப் பகுதி அவர்களே எழுதியது, டெமோவில் வரும் சென்சார் எண்கள் மாதிரித் தரவு. இவ்வளவையும் மேலேயே எழுதியிருந்தார்கள். எடுத்த கோப்பில் மூல ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் அப்படியே இருந்தன, எம்.ஐ.டி. உரிமம் கேட்பது அதைத்தான். எது யாருடையது என்று நடுவர்கள் துருவவேண்டிய அவசியமே வரவில்லை. பேச்சு முழுக்க அந்த வரைபடத்தைப் பற்றியே போனது. இரண்டாம் பரிசும் வாங்கினார்கள்.

பதில்:
நான் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தவள். அணிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை, எங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. ஒரு போட்டியில் ஏஐ கருவிகளைப் பற்றி விதிகளில் ஒரு வரிகூட இல்லை. ஓர் அணி ஒரு தன்னார்வலரிடம் தனியாகக் கேட்டு, "தாராளமாக" என்ற பதிலோடு போய்விட்டது. மற்ற அணிகள் கூடாது என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கையால் எழுதிக்கொண்டிருந்தன. விடிந்ததும் விஷயம் தெரிந்து ஒரு பெண் அழுதுவிட்டாள். அந்த அணிமேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? அவர்கள் கேட்டுவிட்டுத்தானே செய்தார்கள்.

இப்போது யார் தனியாக வந்து கேட்டாலும் அங்கேயே பதில் சொல்வதில்லை. கேட்டவர் பெயரை விட்டுவிட்டு, கேள்வியையும் பதிலையும் எல்லா அணிகளும் இருக்கும் குழுவில் போட்டுவிடுகிறோம்.