டயானா ராஸை உயர்த்தியது குரலா, நிறுவனமா?

கேள்வி:
வணக்கம். ஒரு மாதமாகச் சுப்ரீம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியர் குழுவின் பாடல்களையே கேட்டுவருகிறேன். 1964 முதல் 1969 வரை 12 பாடல்களை அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுசென்ற அந்தக் குழுவிலிருந்து டயானா ராஸ் மட்டும் தனி நட்சத்திரமாக உயர்ந்ததற்கு அவருடைய குரல் காரணமா, இசைத்தட்டு நிறுவனமான மோடவுன் அவரை முன்னிறுத்தியது காரணமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
நிறுவனம்தான் என்பேன். டெட்ராய்ட் நகரின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த இந்தப் பெண்கள் 1959இல் பாடத் தொடங்கியபோது கணீரென்ற குரல் ஃபுளோரன்ஸ் பல்லார்டுக்கே இருந்தது; சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தவரும் அவரே. ஆனால் மோடவுன் அதிபர் பெர்ரி கோர்டி ராஸையே முதன்மைப் பாடகியாக்கினார். 1967இல் குழுவின் பெயருக்கு முன்னால் ராஸின் பெயர் ஏறியது. அதே ஆண்டில் பல்லார்டு நீக்கப்பட்டு, சிண்டி பேர்ட்சாங் சேர்க்கப்பட்டார். குழு கடைசியாக முதலிடம் பெற்ற 'சம்டே வீல் பி டுகெதர்' பாடலில் குழுவின் மற்றோர் உறுப்பினரான மேரி வில்சனும் சிண்டியும் பாடவே இல்லை. பின்னணிக் குரல்கள் வேறு பாடகிகளுடையவை. என்றாவது ஒன்றுசேர்வோம் என்று பாடும் அந்தப் பாட்டை என்னால் மனவருத்தமின்றிக் கேட்க முடிவதில்லை. பல்லார்டு 1976இல், 32 வயதில் காலமானார்.

இரண்டாம் பதில்:
நண்பர் சொன்னவை யாவும் உண்மை. ஆயினும் நிறுவனத்தின் ஆதரவு மட்டுமே போதுமென்றால், 1970 ஜனவரியில் லாஸ் வேகாஸில் குழுவிடம் விடைபெற்ற ராஸின் முதல் தனிப்பாடல் 20ஆம் இடத்தோடு நின்றிருக்காது. அவர் இல்லாத சுப்ரீம்ஸோ அதே ஆண்டில் 10ஆம் இடத்தைப் பிடித்தது. அவரை நிலைநிறுத்தியது அடுத்து வந்த 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்'. மார்வின் கேயும் டாமி டெரலும் 1967இல் துள்ளலாகப் பாடிய அதே பாட்டில், ராஸ் வரிகளைப் பாடாமல் காதோரம் பேசுவதுபோல் மெல்லச் சொல்கிறார். கூட்டுக்குரல்கள் அடுக்கடுக்காக ஏறி, இறுதியில்தான் பல்லவி முழுவீச்சில் எழுகிறது. கணீரென்ற குரலுக்கு இந்த அந்தரங்கம் எளிதில் வாய்க்காது என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டேன்; அந்தப் பேச்சுக்குரலில் சொக்கிப்போனேன். பல்லார்டு முதன்மைக் குரலாகப் பாடிய பாடல் ஏதேனும் உண்டா?

முதல் பதில் தந்தவர்:
உண்டு. 1961இல் வெளியான 'பட்டர்டு பாப்கார்ன்' பாடலைத் தேடிக் கேளுங்கள்.