காக்டீல் விரலைக் கான்யூர் கடித்துவிட்டது: இரண்டையும் எப்படிப் பழக்குவது?

தக்கலை மாடிவீடு:

எங்கள் வீட்டில் 3 வருடமாக ஓர் ஆண் காக்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) இருக்கிறது. பெயர் சீட்டி. காலையில் சாயா போடும் நேரத்துக்குச் சரியாக விசிலடிக்கும். அத்தான் வேலைக்காக வளைகுடாவுக்குப் போவதால், அவர் வளர்த்த சன் கான்யூர் என்கிற மஞ்சள் கிளியைப் போன ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் விட்டுப் போனார். அதற்கு வயது ஒன்றரை. ஆணா பெண்ணா தெரியாது.

பழகட்டும் என்று இரண்டு கூட்டையும் ஹாலில் ஒட்டி ஒட்டி வைத்தேன். நேற்று சாயங்காலம் சீட்டியைத் திறந்துவிட்டதும் நேராகப் போய்க் கான்யூர் கூட்டின் மேல் உட்கார்ந்தது. ஒரே நொடிதான். கம்பி இடுக்கு வழியாகக் கான்யூர் கால்விரலைப் பிடித்துவிட்டது. மஞ்சள்பொடி வைத்து அழுத்தினேன், ரத்தம் நின்றது. இப்போது ஒற்றைக்காலில் தூங்கி வழிகிறது, தினையை மட்டும் கொத்துகிறது.

பக்கத்து வீட்டு மாமா, "ஒரே கூட்டுல போடு, ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு ராசியாயிடும்" என்கிறார். அம்மாவோ யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

மார்த்தாண்டம் கிளிக்கூடு:

சேர்க்கிற பேச்சு அப்புறம். நகம் இருக்கிறதா? விரல் வீங்கியிருக்கிறதா, நுனி கறுத்திருக்கிறதா?

தக்கலை மாடிவீடு:

நகம் பாதி போய்விட்டது அண்ணே. வீக்கம் இருக்கிறது. கறுக்கவில்லை.

மார்த்தாண்டம் கிளிக்கூடு:

அப்படியானால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஆடு மாடு மட்டும் பார்க்கிறவர் என்றால், பறவை பார்க்கிறவர் யார் என்று அவரிடமே கேளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கே போகலாம். மனிதருக்கு வாங்கின வலி மாத்திரை, களிம்பு எதுவும் வேண்டாம். அடுத்த தடவை ரத்தம் வந்தால் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) வைத்துச் சுத்தமான துணியால் அழுத்துங்கள்.

அப்புறம், சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். காக்டீல் 80 முதல் 100 கிராம்தான். அதில் 10 கிராம் இறங்கினால் நமக்கு ஆறேழு கிலோ இறங்கின மாதிரி. பறவை நோயை மறைக்கும், தராசு மறைக்காது.

குழித்துறை அக்கா:

தம்பி, மாமா சொன்னதைச் செய்துவிடாதீர்கள். கூட்டுக்குள் தோற்ற பறவைக்கு ஓட இடம் கிடையாது.

முதல் தவறு, கான்யூரை வந்த அன்றே ஹாலில் வைத்தது. புதுப்பறவையை 30 முதல் 45 நாள் வேறு அறையில், கதவை மூடி வைக்க வேண்டும். ஒரு வாரம் ஒரே காற்றில் இருந்துவிட்டதே என்று விடாதீர்கள், இன்றைக்கே மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் கிளியிலும் கிளிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காய்ந்த எச்சத்தூள் மூக்கில் போனால் மனிதருக்கும் வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல் இருந்தால், கிளி வளர்க்கிறோம் என்று டாக்டரிடம் சொல்ல மறக்க வேண்டாம். முதலில் சீட்டிக்குத் தீனி, பிறகு கான்யூருக்கு, அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவுதல். இந்த வரிசை மாறக்கூடாது. டாக்டரிடம் போகும்போது கான்யூரின் எச்சத்தையும் கொண்டுபோங்கள்.

அந்த நாட்கள் முடிந்ததும் ஹாலின் இரண்டு மூலைகளில் கூடுகள். ஒன்று மேலே ஒன்று கீழே வேண்டாம், ஒரே உயரத்தில் இருக்கட்டும். இரண்டும் நிம்மதியாகத் தின்று, சிறகு கோதி, தூங்கினால் சில நாளுக்கு ஒருமுறை ஓரடி நெருக்குங்கள். கூட்டுக்குக் கூடு குறைந்தது இரண்டடி இடைவெளி எப்போதும் இருக்கட்டும். விரல் போவது அந்த இடைவெளி இல்லாத இடத்தில்தான்.

வெளியே சேர்த்து விடும்போது இருவருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பாருங்கள். மாடி அறையோ சாப்பாட்டு மேசையோ போதும். தனித்தனி ஸ்டாண்ட், தனித்தனிக் கிண்ணம், ஐந்து நிமிடம். மின்விசிறியை நிறுத்துங்கள், அடுப்பங்கரைக் கதவைச் சாத்துங்கள். பக்கத்தில் ரப்பர் ஷீட் போடும் புகையறை இருந்தால் ஜன்னலையும்தான்.

இன்னொன்று. காக்டீல் ஆஸ்திரேலியப் பறவை, சன் கான்யூர் தென்னமெரிக்காவின் வடக்குப் பகுதியைச் சேர்ந்தது. காட்டில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, பாஷை வேறு. சீட்டி பயந்தால் கொண்டை விறைத்து நிற்கும். கோபம் வந்தால் கொண்டையைப் படியவைத்துச் சீறும். கான்யூருக்கு அது புரிய வேண்டும் என்றில்லை. கான்யூர் கழுத்திறகைச் சிலிர்த்து, தலையைத் தாழ்த்தி, கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் அடுத்தது பாய்ச்சல். அதற்கு முன்பே நடுவில் ஒரு அட்டையை நீட்டுங்கள். கையை நீட்டினால் கடி உங்களுக்கு.

கொளச்சல் காற்று:

எங்கள் வீட்டில் காக்டீலும் லவ்பேர்ட்ஸும் ஒரே கூட்டில்தான் இருக்கின்றன. ஒரு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

குழித்துறை அக்கா:

முட்டையிடப் பானை கட்டியிருக்கிறீர்களா?

கொளச்சல் காற்று:

இல்லை அக்கா. அடுத்த வாரம் கட்டலாம் என்று இருந்தேன்.

குழித்துறை அக்கா:

கட்டுவதாக இருந்தால் அதற்கு முன் காக்டீலை வெளியே எடுத்துவிடுங்கள் மக்களே. லவ்பேர்ட் காக்டீலில் பாதி எடைதான், ஆனாலும் பானைக்குச் சொந்தம் வந்துவிட்டால் கால்விரலைத்தான் முதலில் தேடும். தக்கலைத் தம்பிக்கும் இதுதான்: கான்யூர் கூட்டில் தூங்குகிற துணிக்கூடாரம் தொங்கினால் கழற்றிவிடுங்கள். அதையும் அது கூடென்று நினைத்துக் காவல் காக்கும்.

நாகர்கோவில் வடசேரி:

யாரும் சொல்லாத ஒன்று. சன் கான்யூரை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் விதி வந்தது. அத்தான் பதிவு செய்திருந்தால் கைமாறியதையும் அதில் காட்ட வேண்டும், கேட்டுப் பாருங்கள். காக்டீலுக்கு இது கிடையாது.

திங்கள்சந்தை புதியவன்:

இடையில் ஒரு கேள்வி. தென்னை வெட்டும்போது விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று இருக்கிறது. என் பட்ஜியோடு (சின்ன வளர்ப்புக்கிளி) சேர்க்கலாமா?

நாகர்கோவில் வடசேரி:

வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதுவரை துணி விரித்த அட்டைப்பெட்டியில், இளஞ்சூடாக, பட்ஜி இல்லாத அறையில் வையுங்கள்.

தக்கலை மாடிவீடு (இரண்டரை மாதம் கழித்து):

விரல் ஆறிவிட்டது. எடை 84க்கு இறங்கி இப்போது 91. கான்யூர் 40 நாள் மாடி அறையில் இருந்தது, கத்துகிற கத்தலுக்கு அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். பதிவு இருந்தது, பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம்.

முதல் தடவை சேர்த்து விட்டபோது கான்யூர் பாய்ந்தது, அட்டை காப்பாற்றியது. நான்காம் தடவைக்குப் பிறகு இரண்டும் அதனதன் ஸ்டாண்டில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்கின்றன. ஒன்றை ஒன்று கண்டுகொள்வதே இல்லை. நான் அறையை விட்டுப் போனால் கூட்டில் அடைத்துவிட்டுத்தான் போகிறேன். சீட்டியின் இறகுத் தூள் பறப்பதால் இருவருக்கும் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுகிறேன். மாமா மட்டும் ஒரே கூடு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன அந்த நகம் திரும்ப வளருமா அண்ணே?

மார்த்தாண்டம் கிளிக்கூடு:

வேர் போகவில்லை என்றால் வளரும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் வரலாம். கம்பியில் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.