பொருள்: ஷாக் அப்சார்பருக்கு ஒரு நல்ல சொல், திங்கட்கிழமைக்குள்

அம்பத்தூர்ப் பயிற்றுநர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். பிக்கப் வண்டிகளின் சஸ்பென்ஷன் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் பத்தாவது முடித்துவிட்டு மெக்கானிக் வேலை பழக வந்த பிள்ளைகள். மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள அமைப்பு), அதில் ஒரு பாகமான ஷாக் அப்சார்பர், ரைடு குவாலிட்டி (பயணம் எவ்வளவு இதமாக இருக்கிறது என்பது). முதலாவதைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் 'இடைநீக்கம்' என்று வருகிறது. இரண்டாவதற்கு 'அதிர்வு தாங்கி', 'அதிர்ச்சி உறிஞ்சி' என்கிறார்கள். இரண்டுமே பிள்ளைகளைத் தவறான இடத்தில் கைவைக்க விடுகின்றன.

போன வாரம் வகுப்பில் ஒரு பழைய ஷாக்கை வைஸில் பிடித்து, தண்டை அழுத்தச் சொன்னேன். மெதுவாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வெடுக்கென்று அழுத்தினால் முரண்டு பிடிக்கிறது. உள்ளே பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். எண்ணெய் அவற்றின் வழியே பிதுங்கிப் போக நேரம் வேண்டும். அசைவெல்லாம் எண்ணெயில் சூடாகிக் கரைகிறது. பள்ளத்தின் அடியை வாங்குவது டயரும் பட்டையும்தான் (பட்டை என்பது எஃகுத் தகடுகளை அடுக்கிய வில், லீஃப் ஸ்பிரிங்). வாங்கிய பிறகு பட்டை ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. அது வண்டியைத் தாங்குவதும் இல்லை. கழற்றி வைத்தாலும் வண்டி அதே உயரத்தில்தான் நிற்கும்.

என் மைத்துனர் வண்டி வெறுமையாகப் போகும்போது தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு பட்டறையில் இரண்டு புது ஷாக் மாட்டினார்கள். பிறகும் தூக்கிப் போட்டது. நான் போய்ப் பார்த்தால், பின் டயரில் முழுச் சுமைக்கான காற்று. பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் இறுகிப்போய்ப் பட்டை நீளவே இடமில்லை. 'உறிஞ்சி' என்று பெயர் வைத்தால் எல்லா அதிர்வுக்கும் அதையே குற்றம் சொல்லத்தான் தோன்றும்.

மயிலாப்பூர்த் தமிழாசிரியை எழுதியது:

தம்பி, சஸ்பென்ஷனுக்குப் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். 'தூங்கல்' இருக்கிறது. தூங்கு என்றால் பழந்தமிழில் தொங்கு, மெல்ல அசை. தூக்கணாங்குருவி அந்த வேர்தான். வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை என்று யாப்பில் படித்திருப்பீர்கள். பள்ளத்தில் விழுந்த வண்டி துள்ளுகிறது. நல்ல சஸ்பென்ஷன் அந்தத் துள்ளலைத் தூங்கலாக்குகிறது. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? பெண்ணாடத்துத் தூங்கானைமாடத்தில் வருகிற தூங்கலும் உறக்கமில்லை, நின்றபடி அசையும் யானை என்பதே என் கருத்து.

கிண்டிப் பொறியாளர் எழுதியது:

அம்மா, வேர் அழகு. ஆனால் ஓட்டுநர் படிக்கிற பக்கத்தில் 'தூங்கல்' என்ற சொல்லை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவு' என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அதையொட்டி ஷாக்குக்கு 'அலைவடக்கி' என்று வைக்கலாம். 'தாங்கி' கூடவே கூடாது. பேரிங்குக்கு அதைக் கொடுத்தாயிற்று. ஒரே பட்டறையில் இரண்டு தாங்கி இருந்தால் குழப்பம்தான்.

கையேட்டில் ஒரு கணக்கையும் சேருங்கள். வில்லின் விறைப்பை அதன் மேலுள்ள நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், அதற்கு நேர் விகிதத்தில் அதிர்வெண். சுமை இறக்கியதும் பின் பட்டைமேல் உள்ள நிறை நாலில் ஒன்றாகக் குறைந்தால், அதிர்வெண் இரண்டு மடங்கு. காரில் நமக்கு இதமாக இருப்பது நொடிக்கு ஒன்று, ஒன்றரை ஆட்டம். வெறும் பிக்கப் குலுக்குவது இதனால்தான். ஒரு டன்னுக்கு மேல் சுமக்கச் செய்த பட்டை, சுமையில்லாத பின்தொட்டிக்கு எப்படி வளைந்து கொடுக்கும்?

புதுப்பேட்டை உதிரிபாகக் கடைக்காரர் எழுதியது:

சார், என் கடைக்கு வருகிறவர்கள் 'பட்டை' என்பார்கள், 'ஷாக்கப்சர்' என்பார்கள். பட்டை நல்ல தமிழ்தானே, அதை மாற்றிவிடாதீர்கள். ஊர்ப் பக்கம் 'கார் பட்டையில் அடித்த அரிவாள்' என்றால் அதற்கொரு தனி மதிப்பு. அலைவடக்கி என்று கேட்டு யாராவது வந்தால் பையன் முழிப்பான்.

இன்னொன்று. இதமாக ஓட வேண்டும் என்று பட்டையில் ஒரு இலையை, அதாவது ஒரு தகட்டை, உருவச் சொல்லி வருகிறார்கள். அப்புறம் அதே வண்டியில் கோயம்பேட்டிலிருந்து முழு லோடு வெங்காயம் ஏற்றுவார்கள். மீதிப் பட்டை உடையும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வேளச்சேரி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'வேகத்தடை' பலகையில் ஏறி எல்லார் வாயிலும் நிலைத்தது. காபிக்கு வைத்த 'குளம்பி'யை எந்தக் கடையிலும் யாரும் கேட்பதில்லை. கேட்டதும் வேலை தெரிகிற சொல்தான் நிற்கும். 'அலைவடக்கி'யில் வேலை தெரிகிறது. ரைடு குவாலிட்டிக்கு 'அலுங்காமை' வைக்கலாமா? அலுங்காமல் குலுங்காமல் என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே.

கிண்டிப் பொறியாளர் எழுதியது:

நல்ல சொல். ஆனால் 'மோசமான அலுங்காமை' என்று எழுத முடியாதே. கூடவும் குறையவும் இடம் கொடுக்கும் சொல் வேண்டும். 'ஓட்ட இதம்' என்றால் இதம் கூடியது, குறைந்தது என்று எழுதலாம்.

மயிலாப்பூர்த் தமிழாசிரியை எழுதியது:

அலைவடக்கி என்பது வினையெச்சமாகவும் ஒலிக்கிறது. 'அலைவடக்கிப் பொருத்துக' என்றால் அடக்கிவிட்டுப் பொருத்துவதா? புறநானூறு 102-ஐ எடுத்துப் பாருங்கள். 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன ஆகுமோ என்று உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டிக்கொண்டு போகிறார்கள். அவல் பள்ளம், மிசை மேடு. மேடுபள்ளத்துக்கும் மாற்று உறுப்புக்கும் அன்றைக்கே சொல் வைத்திருந்தவர்கள் நாம். தேடாமல் விடுவது எனக்கு வலிக்கிறது.

அம்பத்தூர்ப் பயிற்றுநர் எழுதியது:

அம்மா, சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் இதே வடிவம்தானே? யாரும் எச்சமாகப் படிப்பதில்லை. சந்தியைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். ஸ்டெப்னிக்குச் 'சேமச் சக்கரம்' என்று உங்கள் பாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

இன்று மதியம் வகுப்பில் கேட்டேன். பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் அலைவடக்கி, ஐந்து பேர் ஷாக்கப்சரே இருக்கட்டும் என்றார்கள், இருவர் கை தூக்கவில்லை. அதனால் முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்தும், பிறகு அலைவடக்கி என்றும் போடுகிறேன். பட்டை பட்டையாகவே இருக்கும். ரைடு குவாலிட்டி ஓட்ட இதம். சஸ்பென்ஷனுக்கு எதுவும் ஒத்துவரவில்லை, அப்படியே விடுகிறேன். இலை உருவும் எச்சரிக்கையை அட்டையின் உள்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டாயிற்று.

மயிலாப்பூர்த் தமிழாசிரியை எழுதியது:

சேமச் சக்கரத்துக்கு நன்றி, தம்பி. தூங்கலை நான் விடவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?