ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கிட்டாருக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்

ஷ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஊரிலிருந்து எலக்ட்ரிக் கிட்டாரை மட்டும் தூக்கி வந்தேன், 200 யூரோவுக்குள் என்ன ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இனி வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, முதலில் வாட் கணக்கை விட்டுவிடுங்கள். ஊரில் நாம் ஆம்ப் பார்த்தது சர்ச்சிலும் கல்லூரி மேடையிலும்தான். இங்கே நீங்கள் வாசிக்கப்போவது அடுக்குமாடியில் ஓர் அறையில், வேலை முடிந்து சாப்பிட்ட பிறகு. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிறும் அமைதி நாள். மதியம் 1 முதல் 3 வரை சத்தம் கூடாது என்று பல கட்டடங்களில் விதி உண்டு. வாடகை ஒப்பந்தத்தோடு தரும் ஹவுஸ்ஓர்ட்னுங் என்ற கட்டட விதித்தாளில் பாருங்கள். ஆகவே மிகக் குறைந்த சத்தத்திலும் ஹெட்போனிலும் எப்படி ஒலிக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் ஆசைப்பட்டு 15 வாட் வால்வ் ஆம்ப் (பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வால்வ் ஆம்ப் சத்தம் ஏறினால்தான் உயிர் பெறும். குறைத்தால் சப்பென்று இருக்கும். கொஞ்சம் ஏற்றிய இரண்டாம் நாளே கீழ்வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். அதன் பிறகு ஆறு மாதம் கிட்டாரைத் தொடவே இல்லை. புது ஊரில் தனியாக இருக்கும்போது வாசிப்பு நின்றுபோவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போது புரிந்தது.

மாடலிங் ஆம்ப் இதற்கு நல்ல வழி. பழைய வால்வ் ஆம்ப்களின் மின்சுற்றும் ஸ்பீக்கர் பெட்டியும் ஒலியை எப்படி மாற்றுகின்றனவோ, அதை உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டுச் செய்கிறது. அதனால் ஒலியின் குணம் சத்தத்தை நம்பி இருப்பதில்லை. ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும், ஒலி அப்படியே காதுக்கு வரும்.

உங்கள் பணத்துக்கு ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 போதும். 25 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், சின்னக் கலர் திரை, யூஎஸ்பி. பழையது வாங்கத் தயார் என்றால் பாஸ் கட்டானா 50 தேடுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர், 50 வாட். ஆனால் சுவிட்சைத் திருப்பி 0.5 வாட்டுக்கு இறக்கலாம். பின்னாளில் நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

புதியது என்றால் தோமானில் வாங்குங்கள். பவேரியாவில் ட்ரெப்பன்டோர்ஃப் என்ற சிற்றூரில் 1954-இல் தொடங்கிய இசைக்கருவிக் கடை. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், மூன்று ஆண்டு உத்தரவாதம். பழையதற்குக் கிளைன்ஆன்சைகன் என்ற விளம்பரத் தளம் இருக்கிறது. ஆனால் நேரில் போய், உங்கள் கிட்டாரையே செருகி, ஒவ்வொரு குமிழையும் திருப்பிப் பார்த்துக் கரகர சத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள்.

ஊரில் ஏற்கெனவே ஆம்ப் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். கழற்றி மாட்டும் வயர் என்றால் ஒரு கால்ட்கெரேட்டகாபல் வாங்கினால் போதும், கம்ப்யூட்டருக்கு வரும் அதே தடித்த வயர். அமெரிக்கா, கனடா போகிறவர்கள் சுமக்காதீர்கள். அங்கே 120 வோல்ட்.

ஆம்ப் வந்த அன்று எல்லாரும் அதில் முன்பே அமைத்து வரும் ஒலிகளான பிரீசெட்களைச் சுழற்றிக் கேட்டுவிட்டு, "செயற்கையாக இருக்கிறது" என்று சலித்துக்கொள்வார்கள். கடையில் கவர்வதற்காக அவற்றில் கெயினும் (ஒலியைச் சிதைத்துக் கடுமையாக்குவது) ரிவர்பும் (எதிரொலி) தூக்கலாக வைத்திருப்பார்கள். ஃபெண்டரின் பழைய ஆம்ப்களைப் போல ஒலிக்கும் ஒரு ட்வின் அல்லது டீலக்ஸ் வகையை எடுத்து, எஃபெக்ட் அனைத்தையும் அணைத்து, கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி, பாஸைக் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் குறைத்து, மிட்டை (நடு ஒலி) ஏற்றுங்கள். பிடித்ததும் சேமியுங்கள். இப்படி மூன்று ஒலி இருந்தால் ஒரு வருடம் வாசிக்கலாம். நம் பாட்டில் வரும் கமகத்தை ஸ்ட்ரிங்கை இழுத்து வாசிப்பவர்கள் கெயினைக் குறைத்தே வையுங்கள். இழுப்பு இழுப்பாகவே காதில் விழும்.

ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். பாஸ் அதிர்வு நேராகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். நாற்காலியில் வைத்துக் காதைப் பார்க்கத் திருப்புங்கள், பாதி சத்தமே போதும். ஹெட்போன் வயருள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் தட்டுவதற்கும் கேட்பதற்கும் நடுவே இடைவெளி விழும், தாளம் கெடும்.

பக்கத்து வீட்டாரை நினைத்து அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். வீட்டில் இசைப்பதை முழுதாகத் தடுக்க முடியாது என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றமான புன்டஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப் 2018-இல் ஒரு டிரம்பெட் கலைஞரின் வழக்கில் சொன்னது. வேலை நாளில் 2–3 மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாளில் 1–2 மணி நேரம் என்பது அதில் சொன்ன தோராய அளவு. இரவு, மதிய அமைதி நேரங்களில் வாசிக்க இது அனுமதி அல்ல. அப்புறம், குடிபோன வாரமே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "நான் கிட்டார் வாசிப்பேன், தொந்தரவாக இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்" என்று சீட்டைக் கொடுத்து வாருங்கள். இப்போதைய வீட்டில் நான் அதைத்தான் செய்தேன், மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அழைத்தார்கள்.