கீழக்கரை பழைய வீட்டுச் சுவருக்கு எந்தக் கலவை போடலாம்?

வணக்கம். கீழக்கரையில் பாட்டனார் காலத்து வீடு, கடல் கூப்பிடு தூரம்தான். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் சுவர். நான்கு வருடத்துக்கு முன் கீழ்ப்பக்கம் காரை உதிர்ந்ததால், கொத்தனார் பேச்சைக் கேட்டு சிமெண்ட் 1, மணல் 4 என்று கலந்து பூசினோம். இப்போது சிமெண்ட் கல்லாட்டம் நிற்கிறது, உள்ளே செங்கல் மாவாகிறது! விரலால் சுரண்டினால் சிவப்புப் பொடி கொட்டுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரிக்கிறது.

தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்ட முடியாமல் செங்கல்லிலேயே தங்க, உப்பு உறைந்து அதை உடைக்கிறது. கலவை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு 1, ஆற்று மணல் 3 என்று போட நினைக்கிறேன். (கடல் மணல் வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டாம், அந்த அறிவு இருக்கிறது.)

நன்றாக ஊறிய சுண்ணாம்பு ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் எங்கே கிடைக்கும்? கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி சேர்த்து வேலை பார்த்தவர்கள் அளவு சொல்லுங்கள். அப்புறம், கொல்லையில் புதுச் செங்கல்லில் ஒரு குளியலறை கட்டுகிறோம். அதற்கு சிமெண்ட் 1, மணல் 6 போதும்தானே? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும்.