வேலையை விட்டு வறுமை ஒழிப்புக்கு வந்தவர்களே, மனசை விட்டு அகலாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கயா தேன்மொழி:

சோழிங்கநல்லூரில் வங்கி மென்பொருள் வேலை. வீட்டுக் கடன் முடிந்த கையோடு பேப்பர் போட்டுவிட்டு பீகார் போனேன். ஏன் போனேன் என்பது தனிக் கதை, அதை விட்டுவிடுகிறேன்.

2016இல் மதுவிலக்கு வந்ததும் சாராயம் காய்ச்சி, கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு அங்கே வருமானம் அப்படியே நின்றுபோனது. அவர்களையும் மற்ற பரம ஏழைகளையும் மனதில் வைத்து 2018இல் அரசு சதத் ஜீவிகோபார்ஜன் திட்டத்தைத் தொடங்கியது. கடை வைக்கவோ ஆடு வாங்கவோ முதல் தருவார்கள். அது கைகொடுக்கும் வரை 7 மாதங்களுக்கு மாதம் 1,000 ரூபாய். கூடவே ஒருவர் வீடு தேடி வந்து கணக்குப் பார்ப்பார்.

முசஹர் என்ற தலித் சமூகத்தினர் வாழும் டோலாவில் (குடியிருப்பில்) ஓர் அம்மாவின் பெட்டிக்கடை. மண்சுவரில் ஒரு பலகை, அதில் உப்பு, பிஸ்கட், தீப்பெட்டி, தொங்கும் ஷாம்பு சரம், அவ்வளவுதான். நான் டேப்லெட்டில் முதல், லாபம், கடன் என்று பதிந்துகொண்டிருந்தேன். "தீதி (அக்கா), ஊர்ல உனக்கு என்ன சம்பளம்?" என்றார். மழுப்பினேன், விடவில்லை. சொன்னேன்.

"அந்த வேலைய இப்ப யார் பாக்குறா?"

"வேற ஒருத்தர்."

"சரி. இங்க நீ வராம இருந்திருந்தா இந்த வேலைய யார் பாத்திருப்பா?"

பக்கத்து ஊரில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண் பார்த்திருப்பாள். அங்கே பேசும் மகஹி அவளுக்குத் தாய்மொழி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு யாரிடமாவது யாரேனும் இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

ஆடிட்டர் நைரோபி:

தேன்மொழி, கேட்டதில் தப்பே இல்லை. உங்கள் பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அனுப்பினாலே அந்த மாதிரி நாலு பெண்களை வேலைக்கு வைக்கலாம். கோபப்படாதீர்கள், நானும் வேலையை விட்டவன்தான்.

கென்யாவில் சியாயா பக்கம். ஏழைகளுக்கு ஆடு, கடை எதுவும் இல்லாமல் பணத்தையே எம்-பெசா என்ற செல்போன் பணக் கணக்கில் போடும் திட்டம் நடந்த பகுதி, பலருக்குத் தெரிந்திருக்கும். 653 ஊர்களை ஆய்வுக்கு எடுத்து, 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவில் கொடுத்தார்கள். ஒரு டாலர் உள்ளே போனால் அந்த வட்டாரப் பொருளாதாரம் சுமார் இரண்டரை டாலர் பெருகியது என்று 2022இல் கட்டுரை வந்தது. விலைவாசியும் ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

யாருக்குப் பணம் என்பதைக் கூரையை வைத்து முடிவு செய்தார்கள். புல் வேய்ந்த வீடு என்றால் உண்டு, தகரம் என்றால் இல்லை. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய் மேலே காட்டினார். தகரம் முழுக்கத் துரு, ஆணி அடித்த இடமெல்லாம் ஓட்டை, வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்தது. மகன் கடன் வாங்கிப் போட்டதாம். "புல்லாவே விட்டிருந்தா பணம் வந்திருக்குமா?" என்றார். வந்திருக்கும் என்றேன். "இப்பக் கழட்டிட்டா?" பட்டியல் முடிந்துவிட்டது ஐயா என்றேன். ஆய்வு முடிவுகளை எங்கே படித்தாலும் எனக்கு அந்தத் தகரம்தான் கண்ணில் நிற்கிறது.

கோராபுட் பொறியாளர்:

ஒடிசாவில் மலை ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் இறக்கினோம். முதல் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் குடத்தோடு ஓட, ஒரு பாட்டி மட்டும் என் சட்டையைப் பிடித்து, "இது உடைஞ்சா யார் வருவா?" என்றார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டு யாரும் நாளைக்கே ராஜினாமா செய்யாதீர்கள். ஐந்து வருடம் முடியப் போகிறது என்றால் கிராஜுவிட்டி கைக்கு வரும் வரை பொறுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். ஐந்து வருடச் சேவைக்கு முன் எடுத்தால் வரியும் கட்ட வேண்டிவரும். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், எனவே வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுங்கள். அப்பா அம்மாவுக்குத் தனியாக. ஒரு வருட வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும். கல்யாணம் ஆனவர்கள் கணவரிடமோ மனைவியிடமோ சம்பளம் எவ்வளவு குறையும் என்பதைத் தொகையாகச் சொல்லுங்கள், 'கொஞ்சம் குறையும்' என்று சொல்லாதீர்கள். முதலில் நீண்ட விடுப்பு எடுத்து ஒரு மழைக்காலம் களத்தில் இருந்து பாருங்கள். குளிர்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்பவர்கள்தான் அதிகம் திரும்பி வருகிறார்கள். மொழியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

திருப்பூர் டு டாக்கா:

ஆடிட்டர் சார், மாசாமாசம் பணம் அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிட்டால் போதும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பனியன் ஆர்டர் பிடிக்க டாக்கா போய், அங்கேயே தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவன் நான்.

ஃபசலே ஹசன் ஆபெத் ஷெல் கம்பெனியில் நிதிப் பிரிவுத் தலைவராக சிட்டகாங்கில் இருந்தவர். 1970 புயல், அடுத்த வருடம் வங்கதேச விடுதலைப் போர். வேலையை விட்டார், லண்டனில் இருந்த ஃபிளாட்டை விற்றார், 1972இல் சுல்லா என்ற இடத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நன்கொடை மட்டும் அனுப்பியிருந்தால் போதுமா?

எண்பதுகளில் வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் செய்ய, வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதைப் பார்த்துச் சம்பளம் இல்லை. பிறகு வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்து, அதற்கேற்ப ஊதியம். கம்பெனியில் கணக்கு பார்த்தவருக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும் என்பது என் எண்ணம்.

சுனாம்கஞ்ச் பக்கம் ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டேன். பதிலே சொல்லாமல் என் வலது கையை இழுத்து, மூன்று விரல் நுனிகளைச் சேர்த்து அழுத்தி, இது உப்பு என்றார். பிறகு கையை மூடச் செய்து, இது வெல்லம். அரைச் சேர் தண்ணீர். இத்தனை வருடம் கழித்தும் அளவு பிசகவில்லை. அவர் விரலில் இருந்த அழுத்தம் எனக்கு இன்னும் தெரிகிறது.

ஆடிட்டர் நைரோபி:

ஆபெத் மாதிரி ஒருவர் விட்டார் என்றால் சரி சார். விடுகிற எல்லோரும் ஆபெத் ஆக முடியாதே. அதைத்தான் சொன்னேன்.

கூரைக் கணக்கைப் பிற்பாடு கைவிட்டு, ஊரில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கும் முறை வந்தது. எனக்கு அதில் நிம்மதி. அந்தப் பெரியவர் ஊருக்கு வந்ததா என்பதுதான் தெரியவில்லை.

கயா தேன்மொழி:

பொறியாளர் அண்ணா, நான் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, கிராஜுவிட்டியும் வாங்கிவிட்டேன். அந்தப் பாட்டி கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லையே. குழாய் உடைந்ததா? யார் வந்தார்கள்?

கோராபுட் பொறியாளர்:

உடைந்தது தங்கச்சி, இரண்டாம் மழையிலேயே. ஊர்க் கமிட்டி வீட்டுக்கு வீடு வசூல் செய்து வைத்திருந்த பணத்தில் சாமான் வாங்கினார்கள். பைப் ரெஞ்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்த பையன்களில் ஒருவன் பாட்டியின் பேரன், அவன்தான் மாட்டினான். எனக்கு மூன்றாம் நாள்தான் தகவலே வந்தது.